கட்டில் காலுக்கு நாலு கட்டை

ஒரு வீட்டில் கூப்பிட்டால், படுத்திருப்பவரைப் பார்ப்பதற்கு முன் நான் கட்டிலைப் பார்ப்பேன். எங்கள் விழுப்புரம் மாவட்டம் வல்லம் ஒன்றியத்துக் கிராமங்களிலும் சரி, இந்தப் பக்கம் செஞ்சி, அந்தப் பக்கம் திண்டிவனம் வரையிலும் சரி, வீடுகளில் இருப்பது பெரும்பாலும் சீர்வரிசையில் வந்த தாழ்வான கட்டில். உட்காரவும் படுக்கவும் அதுதான் வசதி. ஆனால் கை கால் இழுத்துக்கொண்டு படுத்தபடுக்கையாகிவிட்ட ஒருவரைக் குனிந்தபடியே துடைத்து, புரட்டி, துணி மாற்றுகிற பெண்ணுக்கு அந்த உயரம் ஆகாது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை குனிகிறோம் என்று அவளே எண்ணிப் பார்த்திருக்க மாட்டாள். சில மாதம் போனதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாள். "வயசாயிடுச்சுக்கா" என்பாள். முப்பத்தைந்து வயது இருக்கும்.

அதனால் முதல் வேலை கட்டிலைத் தூக்குவது. மெத்தையின் மேல்மட்டம், நின்று வேலை செய்கிறவளின் இடுப்புக்கு வர வேண்டும். செங்கல் அடுக்குவார்கள். அடுக்கலாம், ஆனால் செங்கல் நகரும், ஓரம் உடையும். ஊரில் ஆசாரி இருந்தால் பூவரசிலோ வேம்பிலோ நாலு கட்டை அறுத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் கட்டில் கால் உட்காருகிற மாதிரி ஒரு விரற்கடை ஆழத்துக்குக் குழி வெட்டித் தரச் சொல்வேன். கால் அதில் இறங்கிவிட்டால் கட்டில் ஆடாது. உயரத்திலிருந்து விழுந்தால் அடி பலம் என்பதால் ராத்திரியில் ஒரு பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, மறுபக்கம் பெஞ்சை அணைத்துவிட வேண்டும். எழுந்து உட்கார்ந்து காலை ஊன்றுகிற அளவுக்கு நோயாளி தேறிவிட்டால் கட்டையை எடுத்துவிடலாம். அப்போது அவருடைய பாதம் தரையில் படுவதுதான் முக்கியம்.

"நோவாளிக்கு ஏதாச்சும் சொல்லுவன்னு பாத்தா கட்டிலுக்குச் சொல்றியே" என்று கேட்காத வீடு கிடையாது. கட்டில் அவருக்கு, கட்டை உனக்கு என்பேன். பார்த்துக்கொள்கிறவள் உடம்பு உட்கார்ந்துவிட்டால் அப்புறம் ஏர் பெட் வாங்கி என்ன, விலை உயர்ந்த எண்ணெய் வாங்கி என்ன?

நான் நர்ஸ் இல்லை. ஊசி போட மாட்டேன், மாத்திரை சொல்ல மாட்டேன், புண் ஆழமாகிவிட்டால் தொட மாட்டேன். அதற்கெல்லாம் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி இருக்கிறது, திண்டிவனம் பெரியாஸ்பத்திரி இருக்கிறது, முடியாவிட்டால் பஸ் ஏறி கோரிமேட்டில் இறங்கினால் ஜிப்மர். என் மாமியார் பக்கவாதத்தில் விழுந்து வருஷக்கணக்கில் கிடந்தபோது கற்றுக்கொண்டதுதான் என் படிப்பு. அவர் போன பிறகு ஒரு வீட்டில் "ஒருவாட்டி வந்து காட்டிட்டுப் போக்கா" என்று கூப்பிட்டார்கள். அப்புறம் இன்னொரு வீடு. மல்லாட்டை பிடுங்குகிற நாட்களில் கூலியை விட்டுவிட்டுக்கூடப் போயிருக்கிறேன். காசு வாங்குவதே இல்லை என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். பஸ் செலவுக்குக் கொடுப்பார்கள், சில வீட்டில் மேலே கொடுப்பார்கள், வாங்கிக்கொள்வேன்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஆயாம்மா. வேலூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாக இருந்துவிட்டு வயதான பிறகு ஊரோடு வந்தவர். ஊரில் எல்லாருக்குமே அவர் ஆயாம்மாதான். எழுதப் படிக்கத் தெரியாது. அவர் பேச்சை விட அவர் கையைத்தான் பார்க்க வேண்டும். நகம் ஒட்ட வெட்டியிருக்கும். வேலையில் இறங்குவதற்கு முன் வளையலை முழங்கைக்கு ஏற்றி, துண்டால் இறுக்கிவிடுவார். உள்ளங்கை இரண்டையும் சூடு வரும்வரை தேய்ப்பார். பிறகு நோயாளியின் தோளில் ஒரு கையை வைத்து, "அம்மா, அந்தாண்ட பக்கம் திருப்பப் போறேன்" என்பார். நினைவில்லாமல் கிடக்கிறவரிடமும் இதைச் சொல்லாமல் செய்ய மாட்டார். கை பட்டதும் உடம்பு விறைக்கும். மூச்சு ஒரு தடவை ஏறி இறங்கும். அது அடங்குகிற வரைக்கும் கையை எடுக்காமல், அழுத்தாமல், சும்மா வைத்திருப்பார். "அவங்க உடம்பு 'சரி, திருப்பு'ன்னு சொல்லும். அதுக்கப்புறம் திருப்பினா பாதி பாரத்தை அவங்களே தூக்கிக்குவாங்க." இதைக் கேட்டபோது எனக்குப் புரியவில்லை. கை பழகிய பிறகுதான் தெரிந்தது.

புரட்டுவதற்கு அவர் வைத்திருந்த ஒரே சாமான் பழைய நூல் சேலை. நாலாக மடித்து, தோளிலிருந்து இடுப்பு வரை வருகிற மாதிரி படுக்கையில் குறுக்கே போட்டுவிடுவார். எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கத்து முழங்காலை மடித்து நிறுத்துவார். அந்தக் கையை நெஞ்சின் மேல் போடுவார். பிறகு சேலையின் அந்தப் பக்கத்து ஓரத்தை இரண்டு கையாலும் சுருட்டிப் பிடித்து, தன் வயிற்றைக் கட்டிலோடு ஒட்டி, ஒரு காலை முன்னேயும் ஒரு காலைப் பின்னேயும் வைத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணித் தன் உடம்பைப் பின்னுக்குச் சாய்ப்பார். இழுப்பது கை இல்லை, சாய்கிற உடம்பு. நைலக்ஸ் சேலை வேண்டாம், வழுக்கும், வியர்வையைக் குடிக்காது. பக்கவாதம் வந்த கையைப் பிடித்து யாரும் இழுக்கக் கூடாது. செத்துப்போன அந்தத் தோளில் மூட்டு கழன்றுவிடும், அந்த வலி லேசில் போகாது. இதைச் சொல்லும்போது மட்டும் ஆயாம்மா குரல் ஏறும்.

திருப்பிய பிறகு முதுகுக்கு ஒரு தலையணை, இரண்டு முழங்காலுக்கு நடுவில் ஒன்று, ஆடுதசைக்குக் கீழே ஒன்று. குதிகால் படுக்கையில் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். பிறகு வால் எலும்பு, இடுப்பு எலும்பு, குதிகால், காது மடல் என்று வரிசையாகப் பார்வை. புஸ்தகத்தில் தோல் சிவந்தால் புண் வரப்போகிறது என்று போட்டிருக்கும். நம்ம நிறத்துக்குச் சிவப்பு எங்கே தெரிகிறது? புறங்கையை வைத்துப் பார் என்பார் ஆயாம்மா. சுற்றிலும் இருப்பதை விட அந்த இடம் சூடாகவோ, விரலுக்குக் கெட்டியாகவோ, இல்லை கொழகொழவென்றோ பட்டால் அடுத்த சில மணி நேரத்துக்கு அந்தப் பக்கம் படுக்கவே விடக் கூடாது. அங்கே தேய்த்துவிடவும் கூடாது. நல்லெண்ணம்தான், ஆனால் உள்ளே நைந்துபோன சதையை அந்தத் தேய்ப்பு இன்னும் நைத்துவிடும். பவுடரைக் கொட்டுகிறவர்களைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். ஈரத்தோடு சேர்ந்து அது கட்டிதட்டி, இடுக்கில் மணல் மாதிரி அறுக்கும்.

யூரின் பேக், மூக்குக் குழாய் இதெல்லாம் நர்ஸ் காட்டித்தான் கற்க வேண்டும். பேக் எப்போதும் நோயாளியின் இடுப்புக்குக் கீழே தொங்கணும், தரையில் படக் கூடாது, குழாயில் ஊட்டினால் தலைமாட்டை உயர்த்தி, ஊட்டி முடித்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே வைக்கணும். என்னிடம் கேட்டால் இவ்வளவுதான் சொல்வேன்.

வாயால் ஊட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். ஆயாம்மா என்னிடம் கண்டிப்பாக இருந்தது அதில்தான்.

பக்கவாதம் வந்தவருக்குத் தண்ணீர்தான் எதிரி. கெட்டியான கஞ்சி இறங்கும், வெறும் தண்ணீர் புரையேறும். நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாய் நெஞ்சுப் பக்கம் சாய்ந்திருக்க, சின்ன ஸ்பூனில் பாதி எடுத்து, நல்லா இருக்கிற பக்கத்துக் கன்னத்தில் வைக்க வேண்டும். தொண்டை ஒரு தடவை மேலே ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த ஸ்பூன். ஒரு கிண்ணம் கஞ்சிக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகும். ஒரு நாள் காலையில் நான் ஊட்டிக்கொண்டிருந்தபோது ஆயாம்மா வந்து ஓரமாக உட்கார்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "நீ சாப்டியா?" என்றார். இல்லை, அத்தைக்குக் கொடுத்துவிட்டுத்தான் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. "தெரியுது. உன் ஸ்பூன் ஓடுது. முதல்ல எழுந்து போய் நீ தின்னுட்டு வா."

நான் தின்றுவிட்டு வரும்வரை அவரே ஊட்டினார். பசித்த கை அவசரப்படும். தொண்டை ஏறி இறங்குகிற அந்த ஒரு நொடியைப் பசித்தவளால் பொறுக்க முடியாது. கஞ்சி மூச்சுக்குழலில் இறங்கி நெஞ்சில் சளி கட்டிப் போகிறவர்கள் எத்தனையோ பேர். பாத்துக்கிறவள் சாப்பிடுவது தியாகம் பண்ணாத சுயநலம் என்று நம் ஊரில் ஒரு எண்ணம். வீட்டில் எல்லாரும் தின்ற பிறகு சட்டியின் அடியில் இருப்பதைத் தின்கிறவள்தான் நல்ல மருமகள். அந்த நல்ல மருமகள் பேரை எடுக்க என்னிடம் வராதே என்பதுதான் அன்றைக்கு அவர் சொன்னது. ஏர் ஓட்டுகிறவன் உச்சி வேளையில் நுகத்தை இறக்கி மாட்டை நிழலில் கட்டித் தவிடும் தண்ணியும் காட்டுவான். அது மாட்டின் மேல் வைத்த இரக்கம் மட்டுமா? சாயங்காலம் மறுபடி உழ வேண்டும்.

தூக்கத்துக்கும் இதே கணக்குதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்ப வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்புகிறார்கள். சரிதான். ஆனால் அங்கே இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பின நர்ஸ் ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போய்விடுகிறார். வீட்டில் ஷிப்டு கிடையாது. ஒரே ஆள் ராத்திரி பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு என்று எழுந்தால் பத்து நாளைக்குள் அவள் கை நடுங்கும், மாத்திரை மாறும். பத்திலிருந்து இரண்டு வரை ஒருத்தர், இரண்டிலிருந்து ஆறு வரை ஒருத்தர் என்று பிரித்தால் ஆளுக்கு நாலு மணி நேரம் முழுத் தூக்கம் கிடைக்கும். துண்டு துண்டாக ஏழு மணி நேரம் தூங்குவதை விட இந்த நாலு மணி மேல். நினைத்துப் பார்த்து நான் சொல்லவில்லை, என் உடம்பு சொன்னது.

ஒரு வீட்டில் மாமனாரின் தொடையில் விரல் தடம் பார்த்தேன். நாலு விரல், தெளிவாக. மருமகள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. "கடைசியா எப்போ விடிய விடியத் தூங்கினே கண்ணு?" என்று கேட்டேன். அவள் யோசித்தாள். யோசித்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அன்றைக்கு நான் அங்கேயே இருந்து ராத்திரிப் பாட்டைப் பார்த்துக்கொண்டேன். காலையில் அவள் கணவனை உட்கார வைத்துப் பேசினேன்.

ஆயாம்மா இதற்கு ஒரு பாடம் வைத்திருந்தார். கோபம் வந்தால் கையை எடுத்துவிடு. அரைகுறையாகத் துடைத்திருந்தாலும் பரவாயில்லை. பெஞ்சை அணைத்து, ஆள் விழாதபடி பார்த்துவிட்டு, வெளியே போய் முகம் கழுவு. ஆடு கட்டியிருக்கும், அதற்குத் தழை போடு. திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து செய். "இவங்க சீக்கிரம் போய்ச் சேந்தா தேவலை" என்ற நினைப்பும் வரும். வராதவர்கள் இந்த வேலையைச் செய்யாதவர்கள். அந்த நினைப்பு வந்ததற்காகக் கோயிலில் போய் விழுந்து கும்பிடுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். கும்பிடட்டும். ஆனால் அதைப் பாவக் கணக்கில் எழுத வேண்டியதில்லை, களைப்புக் கணக்கில் எழுதினால் போதும். நினைப்பு தன் பக்கம் திரும்பி, நாமே போய்ச் சேர்ந்துவிடலாமா என்று ஓடத் தொடங்கினால் மட்டும் அது வேறு விஷயம். அப்போது 14416 என்ற எண்ணுக்குப் போன் போடச் சொல்வேன். அரசாங்கத்துடையது, காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்ததிலிருந்து ஒரு வசதி. பிரஷர், சுகர் மாத்திரை வீடு தேடி வருகிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நர்ஸ் வருகிறார், பிசியோதெரபி செய்கிறவர் வருகிறார். வருகிறவர் நோயாளியின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவிழ்ப்பார் இல்லையா, அவிழ்த்து மடிப்பதற்குள் உன் கையை நீட்டு என்று எல்லாரிடமும் சொல்கிறேன். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க" என்று பின்னால் போகக் கூடாது. மாமனாருக்குப் பார்க்க வந்த இடத்தில் மருமகளுக்கு ஏகத்துக்கும் பிரஷர் இருந்ததை நானே கூட நின்று பார்த்திருக்கிறேன். தலைவலி தலைவலி என்று பெட்டிக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். எங்கே வைத்தாலும் மறந்துவிடுகிறேன் என்றாள். மாமனார் மாத்திரை டப்பாவிலேயே உன்னுடையதையும் போட்டு வை என்றேன். அவருக்குக் கொடுக்க அவள் ஒரு வேளைகூட மறந்தது கிடையாது.

உதவி கேட்பது ஒரு தனித் தொழில் நுணுக்கம். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஆர்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு வருவார்கள், போகும்போது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "ஏதாச்சும் ஒண்ணுன்னா சொல்லும்மா" என்பார்கள். நம் ஆட்கள் "சரிங்க" என்பார்கள். அதோடு முடிந்தது. அந்த "சரிங்க"வை விட்டுவிட வேண்டும். அங்கேயே, செருப்பு மாட்டுகிற அந்த நேரத்திலேயே, "வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலுலேர்ந்து ஆறு வரைக்கும் வந்து உக்காந்துக்கிறியா மாமா, நான் ரேஷன் வாங்கிட்டு வந்துடுறேன்" என்று கேள். கிழமை, நேரம், வேலை மூன்றையும் சொல். பாதிப் பேர் மழுப்புவார்கள். மீதிப் பேர் வருவார்கள், ஏனென்றால் அவர்கள் நிஜமாகவே வரத்தான் நினைத்தார்கள், எதற்கு வருவது என்று தெரியாமல் இருந்தார்கள்.

கேரளத்தில் இதை ஒரு முறையாகவே ஆக்கிவிட்டார்கள். கோழிக்கோட்டில் 1993இல் டாக்டர்கள் தொடங்கிய வலி நிவாரண சங்கத்திலிருந்து கிளைத்து, மலப்புரம் பக்கமெல்லாம் ஊர்க்காரர்களே குழுவாகச் சேர்ந்து, வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது கொடுக்கிறவர்களுக்குப் பயிற்சி தந்து வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். கடைக்காரர், வாத்தியார், ஆட்டோ ஓட்டுகிறவர் எல்லாரும் அதில் உண்டு. இதை எனக்குச் சொன்னவர் வீட்டுக்கு வருகிற நர்ஸ்தான். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கொடுக்க ஆள் நம்ம தெருவிலும் இருக்கிறது. மகளிர் குழுவில் தவணை கட்டக் கூடுகிற நாளில் இதையும் ஒரு பேச்சாக எடுத்தால் என்ன என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இன்னும் ஒன்றும் பெரிதாக நடந்துவிடவில்லை.

வெளியூரிலிருந்து வருகிற நாத்தனாரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எல்லா வீட்டிலும் ஒருத்தி உண்டு. பொங்கலுக்கு வருவாள், அம்மாவைப் பார்த்ததும் அழுவாள், "இப்படி எளச்சுப் போயிட்டாங்களே, வேளா வேளைக்கு ஒண்ணும் குடுக்கிறதில்லையா?" என்பாள். பாத்துக்கிறவளுக்கு வயிறு எரியும். சண்டை பிடிக்காதே. கிண்ணத்தையும் ஸ்பூனையும் அவள் கையில் கொடு. "நீங்க குடுத்தா நல்லா சாப்பிடுவாங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு நீ போய்க் குளி. நிதானமாக, தலைக்கு. முக்கால் மணி நேரம் கழித்து வந்து பார். அதற்கப்புறம் அந்த அண்ணி பேசுகிற பேச்சே வேறாக இருக்கும். சிலர் நிஜமாகவே கற்றுக்கொண்டு வருஷத்துக்கு ஒரு மாதம் அம்மாவைத் தங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

வேலையை இன்னொருவர் கையில் கொடுக்கும்போது ஒன்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் உன்னைப் போலச் செய்ய மாட்டார்கள். தலையணை கோணலாக இருக்கும். லுங்கியைத் தலைகீழாகக் கட்டிவிட்டிருப்பார்கள். கஞ்சி கழுத்தில் வழிந்திருக்கும். குதிகால் அந்தரத்தில் இருக்கிறதா, புரையேறவில்லையா, ஈரம் இல்லையா, இவ்வளவைத்தான் பார்க்க வேண்டும். மீதிக்கெல்லாம் வாயைத் திறந்தால் அடுத்த தடவை, "உனக்குப் பிடிச்ச மாதிரி நீயே செஞ்சுக்க" என்று போய்விடுவார்கள். தாங்கள் செய்வதுதான் சுத்தம் என்று யாரையும் கிட்ட விடாமல், கடைசியில் தாங்களும் படுத்துவிட்ட கெட்டிக்காரப் பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்ததே, அப்போது எங்கள் மாவட்டமே தண்ணீரில் நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டித் தீர்த்தது. கரண்ட் இல்லை. பனை ஏறி விழுந்து முதுகுத்தண்டு அடிபட்ட ஒருவர் வீடு எனக்குப் பழக்கம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. ஏர் பெட் மோட்டாரில் ஓடுவது. கரண்ட் போனதும் காற்று இறங்கி, அவர் கட்டில் பலகையில் கிடந்தார். உணர்ச்சி இல்லாதவருக்கு அது உறுத்தவும் உறுத்தாது. மோட்டாரிலிருந்து குழாயை உருவி, மடித்து, ரப்பர் பேண்ட் போட்டால் கொஞ்ச நேரம் காற்று நிற்கும், அவ்வளவுதான். அவர் பெஞ்சாதி புத்திசாலி. காற்று இறங்கியதைப் பார்த்ததும், இருக்கிற போர்வை, சாக்கு எல்லாவற்றையும் கீழே திணித்து, மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பினாள். மறுநாளும் திருப்பினாள். அதற்கு மறுநாள் மழைத்தண்ணி வடிந்து நான் போய்ச் சேர்ந்தபோது அவர் உடம்பில் ஒரு கீறல் இல்லை. அவளால் முதுகை நிமிர்த்த முடியவில்லை. சுவரைப் பிடித்து நடந்தாள்.

பக்கத்து வீட்டில் யாரையும் கூப்பிடவில்லையா என்றேன். "அவங்க வூட்லயும் தண்ணி ஏறியிருந்துச்சேக்கா." எதிர் வீட்டில் காலேஜ் படிக்கிற பையன் ஒருவன் இருந்தான், புயலுக்கு லீவு விட்டு மாடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேனே ஆண்ட்டி என்றான். அவனை உட்கார வைத்து, சேலையைச் சுருட்டிப் பிடிப்பதிலிருந்து எல்லாவற்றையும் காட்டினேன். நான் பழக்கியவர்களில் அவனுடைய கைதான் நல்ல கை. பாரத்தைத் தூக்க மாட்டான், சாய்வான். அவன் பெயரோடு தெருவில் இன்னும் இரண்டு பேர் பெயரையும், போன் நம்பரையும் கட்டில் தலைமாட்டுச் சுவரில் எழுதி வைத்தோம். ஒவ்வொரு பெயருக்கும் நேரே எந்த நேரத்துக்குக் கூப்பிடலாம் என்றும் எழுதியிருக்கிறது.

அந்த வீட்டுக்கு உதவித்தொகை வாங்கிக்கொடுக்கத்தான் நாய்படாத பாடு பட்டோம். முதுகுத்தண்டு அடிபட்டவர்கள், தசைச்சிதைவு, கடும் ஊனம் உள்ளவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை கொடுக்கிற பராமரிப்புத் தொகை அப்போது மாதம் 2,000 ரூபாய். சான்றிதழ், அட்டை, பாஸ்புத்தகம் எல்லாம் வைத்து விழுப்புரத்துக்கு அலைய வேண்டும், அலையும் நாட்களில் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அதிக உதவி தேவைப்படுகிறவர்களுக்குப் பார்த்துக்கொள்கிறவருக்கென்று ஒரு படி கொடுக்க வேண்டும் என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. சட்டத்தில் இருப்பது கைக்கு வர அலைச்சல்தான் வழி. அலைகிற வேலையை வீட்டில் இருக்கிற ஆம்பிளைகள் எடுத்துக்கொள்ளட்டும் என்பது என் கட்சி. டீக்கடையில் பேப்பர் படிக்கிற நேரத்தில் ஒரு மனு எழுதலாம்.

படுத்திருந்தவர் போய்விட்ட பிறகு என்ன என்று யாரும் கேட்பதில்லை. பதினாறாம் நாள் முடிந்து உறவெல்லாம் கலைந்ததும் பாத்துக்கிட்டவள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பாள். உடம்பு அந்தக் கணக்கை மறக்க நாளாகும். நான் சொல்வதெல்லாம், ஏர் பெட்டையும் கட்டையையும் வீட்டில் வைத்துக்கொள்ளாதே, டெட்டால் போட்டுத் துடைத்துக் காயவைத்து எனக்குக் கொடு, வேறு வீட்டுக்கு ஆகும். அப்படியே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஒரு தடவை சுகரும் ரத்தமும் பார்த்துக்கொண்டு வா. வருஷக்கணக்கில் தள்ளிப்போட்ட பல்வலி, மாதவிடாய்க் கோளாறு, கண்ணாடி மாற்றுவது எல்லாவற்றையும் இந்த ஒரு மாதத்தில் பார்த்து முடி. அடுத்த மாதம் நடவு வந்துவிடும், அப்புறம் முடியாது.

கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் நான் போடுகிற நிபந்தனை ஒன்றே ஒன்று. ஒரு வீட்டிலிருந்து ஒரே ஆளுக்குச் சொல்லித் தர மாட்டேன். குறைந்தது இரண்டு பேர், அதில் ஒருவர் ஆம்பிளை. ஆயாம்மா அடிக்கடி சொல்வார், வேலூர் சி.எம்.சி.க்காரர்கள் பாகாயத்தில் மனநோய்க்கென்று மையம் தொடங்கிய காலத்திலேயே நோயாளியோடு வீட்டு ஆள் கூடவே வந்து தங்க வேண்டும் என்று வைத்துவிட்டார்கள் என்று. அது 1957 என்று பிறகு ஒரு டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதற்கும் முன்னால் அமிர்தசரஸில் வித்யாசாகர் என்ற டாக்டர் ஆஸ்பத்திரி வளாகத்திலேயே கூடாரம் அடித்துக் குடும்பங்களைத் தங்க வைத்தாராம். வீட்டு ஆளுக்கு வேலை தெரிந்தால் நோயாளி வீட்டிலும் நன்றாக இருப்பார் என்பதுதான் அதில் கணக்கு. ஆனால் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் தெரிந்தால் என்ன ஆகும் என்பதை நான் எங்கள் பக்கத்து வீடுகளில் பார்த்துவிட்டேன். தெரிந்தவள் தலையில் அத்தனையும் விடியும். நன்றாகச் செய்யச் செய்ய, "அவளை மாதிரி யாருக்கு வரும்" என்று சொல்லிச் சொல்லியே விட்டுவிடுவார்கள்.

போன வாரம் நாட்டார்மங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பெண் போன் பண்ணினாள். அம்மாவுக்குக் கை கால் வரவில்லை, முண்டியம்பாக்கத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், நாளைக்கே வர முடியுமா என்றாள். வீட்டில் வேறு யார் என்றேன். தம்பி இருக்கிறான், கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவான், அவனுக்கு இதெல்லாம் தெரியாது என்றாள். சேலை எப்படி மடிக்க வேண்டும், முதுகுக்கு எதை வைக்க வேண்டும் என்று போனிலேயே சொன்னேன். கட்டில் எவ்வளவு உயரம் என்று அளந்து சொல்லச் சொன்னேன். தம்பியை ஒரு நாள் லீவு போடச் சொல், அவன் இருக்கிற நாளில்தான் நேரில் வருவேன் என்றேன். செவ்வாய்க்கிழமை கேட்டிருக்கிறானாம். கிடைக்கவில்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் போய்விடுவேன்.